மேலூர்ப் பாண்

வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள்தான். ஆளைக் கட்டிலிலிருந்து எப்படித் தூக்குவது, எப்படிக் குளிக்க வார்ப்பது, மருந்தைத் துப்பினால் என்ன செய்வது. இதெல்லாம் கொஞ்ச நாளில் கை பழகிவிடும். கை பழகாவிட்டால் முதுகு பழக்கிவிடும். ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பலெர்மோவில் கட்டிலில் இருக்கும் மனிதர், தான் வேறு ஊரில் இருப்பதாகச் சொன்னால் நாம் ஓம் என்பதா, இல்லை என்பதா? இந்தக் கேள்வி ஒருநாள் உங்களிடமும் வரும். எனக்கு வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பாடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு கிழவனின் அலட்டல் என்று விட்டுவிடுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பலெர்மோவில் சீசா என்கிற பகுதியில் ஒரு ஜெர்மன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போத்தல் தக்கை விற்பதற்கு இளம் வயதில் சிசிலிக்கு வந்தவர். இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, கடை வைத்து, மகளைப் படிப்பித்து, மனைவியை அடக்கம் செய்துவிட்டு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். நான் அவரைச் சிஞ்ஞோர், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நான் அங்கேயே தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த என் அறைக்கு நடந்து போவேன். சமைக்கவும் துணி தோய்க்கவும் மொரீசியஸ்கார அக்கா ஒருவர் வருவார். அவருடைய பாட்டன் பூட்டன் தமிழர்கள். முருகன் பாட்டைத் தமிழில் பிழையில்லாமல் பாடுவார், ஆனால் உப்புக் கேட்பதென்றால் இத்தாலியன்தான். எங்கள் மூவருக்கும் பொதுப் பாஷை அதுதான். அதை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

சிஞ்ஞோருக்கு ஞாபகம் கழலத் தொடங்கியபோது முதலில் போனது நேற்று. பிறகு கடை போனது. பிறகு மனைவியின் பெயர். அசையாமல் நின்றது அவர் பிறந்த ஊர் ஒன்றுதான். அதை அவர் சொல்லச் சொல்ல, ஒருநாளும் போகாத அந்த ஊரின் ஒழுங்கைகள்கூட எனக்குப் பழக்கமாகிவிட்டன.

மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு வைன் ஊர் அது. அந்த ஆற்றுக்கு நேராக ஓடத் தெரியாது. ஒரு மலையைச் சுற்றி வளைந்து, கிட்டத்தட்டப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும். படகில் போனால் அரைநாள் போய்விடும். மலைமுதுகைக் குறுக்கே கடந்து நடந்தால் ஒரு சுருட்டுப் பிடித்து முடிப்பதற்குள் அடுத்த பக்கம் ஆறு மறுபடியும் நிற்கும். ஒரு கரை தெற்கு வெயிலைப் பார்த்தபடி செங்குத்தாக ஏறும். அங்கே மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் சிலேட்டுக் கல். நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதி, எச்சில் தொட்டு அழித்தோமே, அதே கல்தான். பகல் வெயிலை வாங்கி வைத்திருந்து இரவில் கொடிக்குக் கொடுக்குமாம். மழைக்கு அந்தக் கல் வழுக்கிக் கீழே வந்துவிடும். வந்ததைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எதிர்க்கரையில் வெயில் இல்லாததால் அங்கே காடும் மரக்கறித் தோட்டமும்தான்.

மலையில் முதலில் கொடி நட்டவர்கள் ரோமர்கள் என்பார். பழம் மிதித்த கல்தொட்டி ஒன்று தோட்டத்துக்கடியில் அகப்பட்டதாம். பிறகு மடங்களும் பேராயர்களும் நல்ல சரிவுகளைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்து மடத்து நிலத்தை ஏலத்தில் விட்டார்கள். பிள்ளைகளுக்குச் சமபங்கு என்று சட்டமும் போட்டார்கள். சமபங்கைச் சமபங்காகப் பிரித்து, கடைசியில் ஒருவருக்கு ஒரு வரிசைக் கொடி என்ற நிலைக்கு ஊர் வந்துவிட்டது. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் காணியைக் குழிக்கணக்கில் பிரித்து, வேலிக்காக வழக்காடி, பக்கத்து வீட்டோடு கதைக்காமலே செத்துப்போனவர்களை எனக்கும் தெரியும். மனிதர் எங்கே இருந்தாலும் மனிதர்தான்.

துண்டு துண்டான காணியில் யார் யாருடைய பழத்தை ஆய்ந்தார் என்று சண்டை வரும் அல்லவா? அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பழம் கனியத் தொடங்கியதும் ஊர் கூடி மலையைப் பூட்டிவிடும். பாதை வாசலில் வைக்கோல் கட்டிய தடி ஒன்றை நடுவார்கள். அதன்பிறகு காணிக்குச் சொந்தக்காரன்கூட உள்ளே கால் வைக்க முடியாது. ஒரு காவல்காரன் மட்டும் மலையில் திரிவான். தேவாலய மணி அடித்து மலையைத் திறந்த பிறகுதான் ஊரே சேர்ந்து பழம் ஆயலாம். எங்கள் சிஞ்ஞோருடைய அப்பா அந்தக் காவல்காரன். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

புரட்டாதி முடிந்து சந்தையில் திராட்சை குவிந்த நேரம். ஒருநாள் அக்கா ஒரு கொத்தைக் கழுவி அவர் முன்னால் வைத்தார். சிஞ்ஞோர் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“இது எங்கை ஆய்ஞ்சது?”

“கடையிலை வாங்கினது, சிஞ்ஞோர்.”

“மலை பூட்டிக் கிடக்கு. மணி அடிக்கேல்லை. ஆர் ஆய்ஞ்சது?”

கொத்தை எடுத்துவிட்டோம். அவரோ விடவில்லை. மத்தியானம் பாஸ்தாவைப் பார்த்தும் அதே கேள்வி, இரவு சூப்பைப் பார்த்தும் அதே கேள்வி. கோப்பையில் எதை வைத்தாலும் பூட்டிய மலையில் களவெடுத்ததாகத்தான் அவருக்குத் தெரிந்தது. “காவல்காரன்ரை மகன் முதல் கள்ளனாகிறதோ?” என்று வாயை இறுக மூடிக்கொள்வார். வேலியே பயிரை மேயக்கூடாது என்கிறார். சொல்வது நியாயம்தான், ஆனால் வேலி பட்டினியில் சாகப் பார்க்கிறது.

நான் முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். “சிஞ்ஞோர், இது பலெர்மோ. இஞ்சை மலையும் இல்லை, காவலும் இல்லை” என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எனக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். தண்ணீர் மட்டும் குடித்தார். கன்னம் ஒட்டிப்போனது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் போட்டுக் குழாயால்தான் உணவு கொடுக்க வேண்டும் என்றார். ஹம்பர்க்கில் இருந்த மகள் தொலைபேசியில் இன்னொன்று சொன்னார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறாராம், வந்து கூட்டிக்கொண்டு போகப்போகிறாராம். சிஞ்ஞோர் தெளிவாக இருந்த காலத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “என்னை இந்தக் கட்டிலிலை சாக விடு.” அவர் போனால் என் வேலையும் போகும். வேலை போனால், இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், என்னத்தைக் காட்டுவது? அந்தப் பயமும் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

அக்காதான் வழி சொன்னார். “மணி அடிச்சால் மலை திறக்கும் எண்டுதானே சொல்லுறார்? அப்ப அடிப்பம்.”

“எங்கை போய் அடிக்கிறது? தேவாலயத்துக்கே?”

“என்ரை வீட்டுச் சாமித்தட்டிலை கைமணி இருக்கு.”

மறுநாள் காலையில் அக்கா அந்த மணியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சிஞ்ஞோர் கதிரையில் இருந்தார். அக்கா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அடித்தார். மணியை எடுத்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அடிதான் தெரியும். தீபாராதனைக்கு அடிக்கிற அடி, கண கணவென்று விடாமல், பூசை உச்சத்தில் இருப்பதுபோல். நானும் பக்கத்தில் நின்று, கைதான் கூப்பவில்லை, மனம் நிறைந்து நின்றேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஆற்றோரத்து ஊரில் மணிக்குப் பல பாஷை உண்டு என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. மலை திறக்கிற மணி நிதானமாக, ஒவ்வொன்றாக விழுமாம். விடாமல் வேகமாக அடித்தால் ஒரே அர்த்தம்தான்: வெள்ளம்.

என் தோளைப் பிடிக்காமல் எழும்பாத மனிதர் தனியாக எழும்பி நின்றார். “தண்ணி! தண்ணி வருது! வெறும் பீப்பாவை எல்லாம் கட்டுங்கோ, மிதந்து கதவை உடைக்கும்!” அந்த ஊர் வீடுகளில் கீழ்த்தளம் வைனுக்கு, மேல்தளம் மனிதருக்கு. சுவரில் பழைய வெள்ளங்களின் மட்டத்தைக் கோடாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். அதெல்லாம் நான் கேட்ட கதைதான். இப்போது கண்முன்னால் ஓடியது. மனைவியின் படத்தை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்தார். வானொலியை மேசைமேல் ஏற்றினார். சப்பாத்துகளைக் கட்டிலில் போட்டார். பிறகு பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு போய்க் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். கம்பி அவருடைய இடுப்பளவுக்குத்தான் இருந்தது.

அக்கா பாய்ந்துபோய் அவருடைய இடுப்புப் பட்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். “அம்புலன்சைக் கூப்பிடு!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். தொலைபேசி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர்கள் வந்தால் கட்டித்தான் கொண்டுபோவார்கள், அதன்பிறகு இந்த வீட்டுக்கு அவர் திரும்பப் போவதில்லை. நாங்கள் இருவரும் இழுத்தால் திமிறுவார், அந்த எலும்பு தாங்காது. மணி பொய், வெள்ளம் இல்லை என்று சொன்னால் கேட்கிற நிலையிலும் அவர் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. நான் தொலைபேசியை எடுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் நின்று நானும் கீழே பார்த்தேன்.

“சிஞ்ஞோர், தண்ணி எவ்வளவுக்கு நிக்குது?”

“கதவு நிலைக்கு மேலை. உனக்குக் கண் தெரியேல்லையே?”

“இனி என்ன செய்யிறது?”

“என்ன செய்யிறது? மேலை இருக்கிறதுதான். வடியுமட்டும் இருக்க வேணும்.”

“சாப்பாட்டுக்கு?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்படியும் ஒரு மடையனா என்கிற பார்வை. “படகு வரும். மேலூரிலை இருந்து பாண் கொண்டு வருவாங்கள். மேலூருக்குத் தண்ணி ஏறாது.”

ஆறு எட்டாத மேட்டில் இருக்கிற ஊர் அது. அங்கே திராட்சை விளையாது, கோதுமைதான். ஆற்றோரத்தார் அவர்களை இளக்காரமாகத்தான் பேசுவார்களாம். ஆனால் வெள்ளத்துக்கு அவர்கள் சுடுகிற பாணை வாங்கித்தான் தின்பார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று விளங்கியது. மேலூர்ப் பாண் பூட்டிய மலையில் விளைந்ததல்ல. அதைத் தின்றால் அவர் கள்ளனாக மாட்டார்.

“அக்கா, பட்டியை விட்டுடாதேங்கோ. நான் கீழை போறன்” என்று சொல்லிவிட்டுப் படியில் பாய்ந்தேன். மூலைப் பேக்கரியில் ஒரு சூடான பாண் வாங்கிக்கொண்டு வந்து பால்கனிக்குக் கீழே தெருவில் நின்றேன். பலெர்மோவில் பாதி வீடுகளில் பால்கனியில் கயிறு கட்டிய கூடை ஒன்று இருக்கும். பனாரு என்பார்கள். மரக்கறி வண்டி வந்தால் அதை இறக்கிக் காசு கொடுத்துச் சாமானை மேலே இழுப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்கியது. நான் கைகளை வாய்க்குக் குவித்துக் கத்தினேன்: “படகு வந்திருக்கு! கூடையை விடுங்கோ!”

எதிர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும். கூடை இறங்கியது. சிஞ்ஞோரே இறக்கினார், அதுவும் இளந்தாரி மாதிரி, கையை மாற்றி மாற்றி. நான் பாணை வைத்தேன்.

“எந்த ஊர்ப் பாண்?”

“மேலூர், சிஞ்ஞோர்.”

மேலே இழுத்து எடுத்து மூக்கில் வைத்து மணந்தார். உடைத்தார். அக்காவுக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு துண்டை வாயில் போட்டார். அவர் மெல்லுவதை நான் தெருவில் நின்று பார்த்தேன். அக்கா பட்டியைப் பிடித்த கையை விடாமல் மற்றக் கையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் படகுக்காரன் அழுதுகொண்டு நின்றால் நன்றாக இருக்காதே.

அன்று தொடக்கம் ஒவ்வொரு மத்தியானமும் படகு வந்தது. பாணோடு சூப்பும் தூக்குச்சட்டியில் வந்தது. பிறகு அக்காவின் பருப்பும் மேலூரிலிருந்து வந்தது. அவர்கள் இவ்வளவு உறைப்புத் தின்பவர்கள் என்று தனக்குத் தெரியாது என்றார் சிஞ்ஞோர். பால்கனிக் கம்பிக்கு மேல் பலகை அடித்து உயர்த்தினேன். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார், குழாய் பற்றிப் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். மணியோடு நாங்கள் அவருடைய ஊருக்குள் போனது எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி. அதனால்தான் விழ இருந்தார். பால்கனியில் எனக்கு ஒன்றும் தெரியாமல் அவரிடமே கேட்டேன், அவரே வழியைக் காட்டினார். அவசரத்தில் வாயில் முதலில் வருவது பதிலாக இருந்தால் அதை விழுங்கிவிட்டுக் கேள்வியைத் தேடுங்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கெட்டிக்காரன் என்று முடிந்திருக்கும். மகள் வந்தார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டுத்தான் வந்தார். பலெர்மோவில் அந்த வீட்டிலேயே வளர்ந்த பெண், ஹம்பர்க்கில் பெரிய வேலை, நேர்மையான ஆள். அவரை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. மத்தியானக் கூத்தைப் பார்த்துவிட்டு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“என்ரை அப்பாவை ஏமாத்திச் சாப்பாடு தீத்துறியள்.”

“ஓம், சிஞ்ஞோரா. ஏமாத்துறம்.”

“அவர் குழந்தை இல்லை. அவருக்கு உண்மையைச் சொல்ல வேணும்” என்றார். அது அவருடைய அப்பா. நான் குறுக்கே நிற்கவில்லை. அன்று பின்னேரம் முழுக்கச் சிஞ்ஞோரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆற்றை இப்போது அணைகட்டி அடக்கிவிட்டார்கள். அந்த வீட்டை எப்போதோ விற்றாயிற்று. அப்பா, இது பலெர்மோ, நான் உங்கள் மகள். எல்லாம் உண்மை. சிஞ்ஞோர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. காலையில் பாலையும் தொடவில்லை.

மத்தியானம் வந்தது. சிஞ்ஞோர் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் கட்டில் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. பாணை எடுத்து அவருடைய மடியில் வைத்தேன்.

“நீங்கள் போங்கோ, சிஞ்ஞோரா.”

பாணை எடுத்துக்கொண்டு எழும்பிப் படியிறங்கிப் போனார். அக்கா வழமைபோலச் சிஞ்ஞோரின் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் நின்றேன். கீழே தெருவில் நல்ல உடுப்போடு அந்தப் பெண் நின்று, அண்ணாந்து, ஏதோ கூப்பிட்டார். அப்பாவிடம் சின்ன வயதில் கேட்டுப் பழகிய ஊர்ப் பேச்சு. எனக்கு விளங்கவில்லை. சிஞ்ஞோருக்கு முகம் மலர்ந்தது. கூடையை இறக்கிப் பாணை இழுத்தார். உடைத்துத் தின்றபடியே கீழே பார்த்து இத்தாலியனில் சொன்னார்.

“பிள்ளை, நனைஞ்சு போனாய். மேலை வா. தண்ணி வடிஞ்ச பிறகு போகலாம்.”

மகள் படியேறி வந்து வாசலில் நின்றார். சிஞ்ஞோர் பார்க்கவில்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, இரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

“படகிலை வந்த பிள்ளைக்கு உள்ளறைக் கட்டிலைக் குடு. என்ரை மகளுக்கெண்டு வைச்ச நல்ல போர்வை அலுமாரியிலை இருக்கு. அதையும் குடு. மகள் வந்து கேட்டால் நான் சொல்லிக்கொள்ளுறன். அவள் கோபிக்கமாட்டாள்.”

அலுமாரியைத் திறந்து போர்வையை எடுத்துப் போய் மகளுடைய கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். வெகுநேரம் வெளியே வரவில்லை. பின்னேரம் வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்து, ஹம்பர்க்கில் பிடித்து வைத்திருந்த அந்த இடம் இனி வேண்டாம் என்று சொன்னார். சொல்லி முடிக்குமட்டும் போர்வை அவருடைய மடியில்தான் இருந்தது.